பெருச்சாளிக்கும் சுண்டெலிக்கும் ஒரே வழி உதவாது

பழைய வண்ணாரப்பேட்டையில் தரைத்தள ஒண்டுக்குடித்தனத்தில் வசிக்கும் வாசகி ஒருவர், மூன்று மாதமாக எலி மருந்து வைத்தும் தொல்லை தீரவில்லை, வீட்டில் தவழும் குழந்தை வேறு இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த மருந்தை அப்புறப்படுத்துங்கள். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி அறையில் உறங்கிய இரு குழந்தைகள் உயிரிழந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். எலி மருந்தாக விற்கப்படும் துத்தநாக பாஸ்பைடு ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையோ கல்லீரலையே அழித்துவிடும். அதற்கு முறிவு மருந்து இல்லை என்பதால்தான் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது.

அடுத்து, வருவது எது என்று கவனியுங்கள். அலமாரியில் அரிசிமணி அளவுப் புழுக்கை கிடந்தால் அது சுண்டெலி. பின்கட்டில் வளையின் வாயில் தோண்டிய மண் குவிந்திருந்தால் பெருச்சாளி. நீண்ட மூக்கும் கடும் வாடையுமாகச் சுவரோரம் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு எலியினமே அன்று. கரப்பான்பூச்சியைத் தின்னும் அதை விட்டுவிடலாம்.

சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் துளை போதும். ஆகவே குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடங்களில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, அதன்மேல் சிமெண்ட் பூசுங்கள். வெறும் சிமெண்ட் காய்வதற்குள் தோண்டிவிடும். சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டர் தொலைவுக்குமேல் பெரும்பாலும் போவதில்லை என்பதால், மூலையில் ஒற்றைப் பொறி வைத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. நாலைந்து சிறு பொறிகளைச் சுவரை ஒட்டி வையுங்கள்.

பெருச்சாளி அப்படியன்று. புதிய பொருளைக் கண்டால் அஞ்சி ஒதுங்கும். கூண்டின் கதவு விழாதபடி கட்டிவைத்து, மூன்று நான்கு நாள் நெத்திலிக் கருவாட்டை மட்டும் தின்னவிட்டு, அது பழகியபின் கட்டை அவிழ்ப்பதே பலன் தரும். மசால் வடையைவிடக் கருவாட்டையே நான் பரிந்துரைப்பேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலிருக்க, அதற்குப் பஞ்சமா? உடைந்த சாக்கடை மூடியை மாற்றாமல் கூண்டு மட்டும் வைத்தால், ஒன்று போக இன்னொன்று வரும். பொதுச்சுவர் கொண்ட குடித்தனங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் துளைகளை அடைப்பது அவசியம். மழையில் வளைகளுக்குள் நீர் புகுமுன், ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் வழியே பரவுவதால், புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைசலால் நனைத்துக் கையுறையுடன் துடைத்தெடுங்கள்.