லினக்ஸில் ஹார்ட் டிஸ்க் தானாக மவுண்ட் ஆக எழுத வேண்டிய இரண்டு வரிகள்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் திருமணப் புகைப்பட நிலையம் நடத்தி வருகிறேன். கடைக் கணினியில் உபுண்டு இயங்குகிறது. படங்களுக்காக உள்ளே லினக்ஸுக்குரிய இஎக்ஸ்டி4 வகையில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றும், வெளியே விண்டோஸுக்குரிய என்டிஎஃப்எஸ் வகையில் யுஎஸ்பி டிஸ்க் ஒன்றும் உள்ளன. ஏற்காட்டில் படப்பிடிப்பு இருக்கும் நாட்களில் யுஎஸ்பி டிஸ்க் விண்டோஸ் மடிக்கணினியோடு மலைக்குப் போய்விடும். மின்சாரம் போய் வந்து கணினி மீண்டும் தொடங்கினால், யாராவது உள்நுழைந்து டிஸ்க்கைத் திறக்கும்வரை ஆல்பம் வடிவமைக்கும் அறையிலிருந்து படங்களைப் பார்க்க முடிவதில்லை. இரண்டு டிஸ்க்குகளும் தானாகவே மவுண்ட் ஆக என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் டிஸ்க்குகளில் கோளாறு எதுவும் இல்லை; அவற்றை மவுண்ட் செய்யும், அதாவது ஒரு கோப்புறையாகத் திறந்து பயன்படுத்தும்படி இணைக்கும் பொறுப்பு இப்போது டெஸ்க்டாப்பிடம் இருப்பதுதான் காரணம். ஒருவர் கடவுச்சொல் இட்டு உள்நுழைந்த பிறகே டெஸ்க்டாப் அந்த வேலையில் இறங்கும். பக்கத்து அறைக்குக் கோப்புகளைப் பகிரும் சாம்பாவோ, யாரும் உள்நுழைவதற்கு முன்பே இயங்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே பொறுப்பை ஈடிசி கோப்புறையில் உள்ள எஃப்எஸ்டேப் என்னும் உரைக்கோப்புக்கு மாற்ற வேண்டும். ஆனால் எப்போதும் உள்ளேயே இருக்கும் டிஸ்க்குக்கும், அவ்வப்போது மலையேறிவிடும் டிஸ்க்குக்கும் ஒரே மாதிரி வரி எழுதினால், இப்போது இருப்பதைவிடப் பெரிய தொல்லை வந்து சேரும்.

முதலில் டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே கட்டளையை மைனஸ் எஃப் தெரிவோடு இயக்கி, இரண்டு டிஸ்க்குகளின் யுயுஐடி என்னும் அடையாளக் குறியையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு இடும் எஸ்டிஏ, எஸ்டிபி என்னும் பெயர்களை நம்ப வேண்டாம். அவை டிஸ்க்குகள் கண்டறியப்படும் வரிசையில் அமைபவை என்பதால் யுஎஸ்பி செருகியிருக்கும் நாளில் ஒன்றாகவும், இல்லாத நாளில் வேறாகவும் அமையக்கூடும். யுயுஐடி ஃபார்மேட் செய்யும்போது பதியும் அடையாளம். மறுபடி ஃபார்மேட் செய்யாதவரை தானாக மாறாது. பின்னர் எம்என்டி கோப்புறைக்குள் இரண்டு வெற்றுக் கோப்புறைகளை உருவாக்குங்கள். அவற்றின் பெயரில் இடைவெளி வேண்டாம்; எஃப்எஸ்டேப் இடைவெளியைக் கண்டால் அடுத்த பகுதி தொடங்கிவிட்டதாகக் கொள்ளும்.

எஃப்எஸ்டேப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத் திருத்துங்கள். ஒரு வரியில் ஆறு பகுதிகள் உண்டு: யுயுஐடி, மவுண்ட் ஆகும் இடம், கோப்பு முறைமையின் வகை, விருப்பங்கள், டம்ப் எண் (டம்ப் என்னும் பழைய காப்பு நிரலுக்கானது), சோதனை எண் (தொடங்கும்போது டிஸ்க்கைச் சோதிக்கும் வரிசை). ஐந்தாவதில் 0 போதும். ஆறாவதில் இஎக்ஸ்டி4 டிஸ்க்குக்கு 2, என்டிஎஃப்எஸ்ஸுக்கு 0 என்று இடுங்கள்.

கவனம் முழுவதும் நான்காவது பகுதிக்குத்தான் தேவை. டீஃபால்ட்ஸ் என்று மட்டும் எழுதினால், அந்த டிஸ்க் இல்லாமல் கணினி எழக்கூடாது என்று நீங்கள் கட்டளையிட்டதாகப் பொருள். கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலான சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி காத்திருக்கும். அதற்குள் டிஸ்க் தென்படாவிட்டால் அவசர நிலைக்குப் போய்க் கருந்திரையில் நின்றுவிடும். முகூர்த்த நாளில் இப்படி நேர்ந்தால் கடையே நின்றுபோகும். எனவே உள்ளே இருக்கும் டிஸ்க்கின் வரியிலும் டீஃபால்ட்ஸுக்குப் பின் காற்புள்ளி இட்டு நோஃபெயில் என்று சேர்த்துவிடுங்கள்; டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழட்டும் என்பது அதன் பொருள்.

நோஃபெயிலுக்கும் ஒரு பின்விளைவு உண்டு. டிஸ்க் மவுண்ட் ஆகாத நாளிலும் அதற்கான கோப்புறை அங்கேயே இருப்பதால், நகலெடுக்கும் நிரல் எதுவும் அறியாமல் படங்களை அந்த வெற்றுக் கோப்புறையில் கொட்டும். அவை உண்மையில் போய்ச் சேருவது இயங்குதளம் உள்ள டிஸ்க்கில். அது நிரம்பிய பிறகுதான் விவரம் தெரியவரும். இதைத் தடுக்க, டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருக்கும்போதே அந்தக் கோப்புறைக்குச் சிஎச்ஏடிடிஆர் கட்டளையால் கூட்டல் ஐ என்னும் பண்பை இட்டுவிடுங்கள். அதன்பின் வெற்றுக் கோப்புறையில் எதையும் எழுத இயலாது. டிஸ்க் மவுண்ட் ஆனதும் வழக்கம்போல் எழுதலாம்.

யுஎஸ்பி டிஸ்க்குக்கு இன்னும் பொருத்தமான வழி இருக்கிறது. அதன் வரியில் நோஆட்டோ, நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றிக் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். கணினி எழும்போது இந்த டிஸ்க்கைத் தேடாது. யாராவது அந்தக் கோப்புறையைத் திறக்கும் கணத்தில் மவுண்ட் செய்யும். டிஸ்க் ஏற்காட்டில் இருந்தால் பிழைச் செய்தி வருமே தவிர, படங்கள் தவறான இடத்தில் விழாது. பிழைச் செய்திக்காகவும் 90 விநாடி காத்திருக்க நேராதபடி, எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட் என்பதற்கு 5 என்னும் மதிப்பைத் தந்துவிடுங்கள்.

என்டிஎஃப்எஸ் லினக்ஸின் உரிமை முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால், இதே வரியில் யுஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டுக்கும் உங்கள் எண்ணைத் தர வேண்டும். உபுண்டுவில் முதல் பயனருக்குப் பொதுவாக 1000. இவற்றை இஎக்ஸ்டி4 வரியில் எழுதிவிடாதீர்கள். அங்கே அவை செல்லாத விருப்பங்கள் என்பதால் மவுண்ட் ஆவதே தடைபடும். மடிக்கணினியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியையும் நிறுத்துங்கள். அது இயங்கினால், விண்டோஸை ஷட்டவுன் செய்தபின்னும் டிஸ்க் உறக்கநிலையில் விடப்பட்டதாகவே லினக்ஸ் கருதிப் படிக்க மட்டும் அனுமதிக்கக்கூடும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கும் டிஸ்க் என்பதால், அடுத்த முறை வாங்கும்போது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வாங்குவது நல்லது. மின்தடைக்கு யுபிஎஸ்தான் மருந்து. மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் இஎக்ஸ்டி4இன் ஜர்னல் டிஸ்க்கின் ஒழுங்கைக் காக்குமே தவிர, பாதியில் நின்ற படத்தை மீட்டுத் தராது.

கோப்பைச் சேமித்ததும் ஃபைண்ட்எம்என்டி கட்டளையை வெரிஃபை தெரிவோடு இயக்கினால் எழுத்துப்பிழைகள் தெரிந்துவிடும். பின்னர் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அதையடுத்து மவுண்ட் மைனஸ் ஏ கட்டளைகளை இயக்குங்கள். உள் டிஸ்க் மவுண்ட் ஆகிவிட்டதா என்று பாருங்கள். நோஆட்டோ உள்ள வரியை மவுண்ட் மைனஸ் ஏ தொடாது என்பதால், யுஎஸ்பியைக் கழற்றிவிட்டுக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். தடையின்றி எழுந்தால் யுஎஸ்பியைச் செருகி, யாரும் உள்நுழையாத நிலையிலேயே ஆல்பம் அறையிலிருந்து இரண்டு கோப்புறைகளையும் திறந்து பாருங்கள். அவசர நிலையில் நின்றுவிட்டால் லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே உபுண்டு இயங்கும் பென்டிரைவ்) கொண்டு தொடங்கி, எஃப்எஸ்டேப்பில் புதிய வரிகளின் முன்னே ஹேஷ் குறி இட்டாலே பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.