எண்ணத் தெரிந்த தளபதி

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு 40 நிமிட நாடகம் ஒன்று பழகுகிறோம். இரண்டாம் உலகப்போர், ஜெர்மன் சிறைமுகாம். கைதிகள் சுரங்கம் தோண்டி வைத்துக்கொண்டு, ஓடிப்போகாமல் முகாமுக்குள் இருந்தபடியே உளவு வேலை பார்க்கிறார்கள். தளபதி ஒரு மொக்கன். ஒத்திகை பார்க்க வருகிற பொடியன்மார் முதல் பத்து நிமிடம் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மறுகா சத்தமே இல்லை. எங்கே பிழை? கதாநாயகனை நம் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமியாக வைத்திருக்கிறோம், அது பொருந்துமா? சுரங்கத்தை மேடையில் எப்படிக் காட்டுவது? கதையையே மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றிவிடுவோம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஜெர்மன்காரன் எந்தத் தமிழில் கதைக்க வேண்டும் என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பிழை தளபதியில் இருக்கிறது. மொக்கனை ஏமாற்றுவதில் என்ன கெட்டித்தனம்? பத்து நிமிடத்தில் சபைக்கு அது விளங்கிவிடுகிறது, அதற்குமேல் அவர்கள் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? தளபதியைக் கவனமான மனிதனாக்குங்கள். ஒழுங்காக எண்ணுகிறவன், ஒவ்வொன்றையும் மூன்று பிரதியில் எழுதி வைக்கிறவன். அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டே கைதிகள் அவனைக் கவிழ்க்க வேண்டும்.

உண்மையில் நடந்ததும் அப்படித்தான். முகாம்களில் தினமும் கைதிகளை வரிசையில் நிறுத்தி ஐந்து ஐந்தாக எண்ணுவார்கள். பிடிபட்ட அதிகாரிகளை ஜெர்மானியர் அடைத்து வைத்த கோல்டிட்ஸ் கோட்டையில் டச்சு அதிகாரிகள் இரண்டு பொம்மைத் தலை செய்து, ‘மாக்ஸ்’, ‘மோரிட்ஸ்’ என்று பெயரும் வைத்து, மேலங்கியும் தொப்பியும் மாட்டி இரண்டு பேருக்கு நடுவே நிற்க வைத்தார்கள். எண்ணிக்கை சரி, ஆள் இல்லை. இதைவிடப் பெரிய பகிடி ‘பேய்’கள். ஒருவன் தப்பிவிட்டதாகக் காட்டிவிட்டு முகாமுக்குள்ளேயே ஒளிந்துகொள்வான். அதிகாரி அவனைக் கணக்கில் இருந்து வெட்டிவிடுவான். பிறகு வேறொருவன் உண்மையாகவே தப்பும் நாளில், இந்தப் பேய் வந்து அவன் இடத்தில் நிற்கும். ஓடாதவனைத் தேடி நாய்கள் காடெல்லாம் அலையும், ஓடியவன் வரிசையில் நிற்பதாகப் பதிவாகும். எண்ணத் தெரியாத தளபதியிடம் இந்தத் தந்திரம் எடுபடாது. அவன் எண்ணிக்கையை நம்ப வேண்டும்.

இரண்டாவது பிழை, உங்கள் கைதிகளுக்கு எதைக் கண்டும் பயம் இல்லை. 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, தப்பிப் பிடிபட்ட போர்க்கைதிக்குக் கொடுக்கக்கூடிய ஒழுங்குத் தண்டனை கூடியது 30 நாள் அடைப்பு. நகைச்சுவைக்கு இடம் தருவதே இந்த 30 நாள்தான். பிடிபட்டவன் தனி அறையில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த திட்டத்தைத் தொடங்கலாம். ஆனால் உங்கள் ஆட்கள் சாதாரண உடுப்பில் வெளியே போய் உளவு பார்க்கிறார்கள். சீருடை இல்லாமல் உளவில் பிடிபட்டால் அவன் போர்க்கைதி அல்ல, சுடப்படக்கூடியவன். நாடகத்தின் பத்தாவது நிமிடத்தில் இதை ஒரே ஒரு வசனத்தில் தளபதியே சொல்லட்டும்: “வேலிக்குள் பிடித்தால் 30 நாள். வேலிக்கு வெளியே கோட்டுப் போட்டுப் பிடித்தால் நாள் கணக்கு இல்லை.” பிறகு ஒவ்வொரு பகிடிக்கும் பின்னால் சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

விமானப்படைக் கைதிகளை அடைத்திருந்த சாகன் முகாமில் 1944 மார்ச் 24 இரவு 76 பேர் சுரங்கம் வழியே வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள், அவர்களில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தப்புவது இனி விளையாட்டு அல்ல என்று முகாம்களில் சுவரொட்டியே ஒட்டினார்கள். உங்கள் கதையை அந்த மார்ச்சுக்கு முந்திய ஆண்டில் வையுங்கள்.

உளவுச் சாமானுக்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. சாகனில் உடைந்த கிராமபோன் தட்டை உருக்கித் திசைகாட்டிக்கு உறை வார்த்தார்கள், காந்தமேற்றிய சவர அலகுத் துண்டுதான் முள். ‘இந்த முகாமில் செய்யப்பட்டது’ என்று அதன் அடியில் முத்திரையும் குத்தினார்கள். நீங்கள் யோசித்திருந்தால்கூட மிகைப்படுத்தல் என்று வெட்டியிருப்பீர்கள்! ரப்பர் முத்திரைகளைச் சப்பாத்துக் குதியில் வெட்டினார்கள். தட்டச்சு எழுத்தைத் தூரிகையால் ஒவ்வொன்றாக வரைந்தார்கள். காவலாளியை வளைப்பதற்கும் ஒரு படிமுறை உண்டு. முதலில் செஞ்சிலுவைப் பொதியில் வந்த கோப்பி, ஒரு சிகரெட். பிறகு ஒரு பென்சில் கேட்பது. பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் அவன் மாட்டிக்கொண்டான், மேலதிகாரியிடம் சொன்னால் தண்டனை அவனுக்கும்தான். அடுத்தது ரயில் நேர அட்டவணை, கடைசியில் கமரா. இந்த ஏற்றத்தை நான்கு சிறு காட்சிகளாக வைத்தால் உங்கள் தொய்வு பாதி நீங்கும். ஒவ்வொரு முறையும் கோப்பியின் அளவு குறைய வேண்டும், காவலாளியின் வியர்வை கூட வேண்டும்.

சுரங்கத்தைக் காட்டாதீர்கள், மண்ணைக் காட்டுங்கள். 60 சென்டிமீட்டர் சதுரச் சுரங்கத்தில் ஒரு மீட்டர் தோண்டினால் 0.36 கனமீட்டர் மணல், அரைத் தொன்னுக்கு மேல். ஒருவன் இரண்டு காற்சட்டைக் காலுக்குள்ளும் பை கட்டி 8 கிலோ கொண்டுபோனால் அந்த ஒரு மீட்டருக்கு எழுபது நடை. சாகனில் மேல்மண் சாம்பல் நிறம், அடிமணல் பளிச்சென்ற மஞ்சள். ஒரு பிடி மேலே தெரிந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் உள்காற்சட்டைக் காலில் தைத்த நீளப் பைகளின் அடியில் ஊசி குத்தி, கயிற்றைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்கள். கயிற்றை இழுத்தால் மணல் காலடியில் கொட்டும், நடந்துகொண்டே மிதித்துக் கலக்க வேண்டும். அந்த நடையைப் பார்த்து அவர்களுக்கு ‘பென்குயின்’ என்று பெயர் வைத்தார்கள். உங்கள் நடிகரில் ஒருவன் கூத்தாடிப் பழகியவனாக இருந்தால், இந்த நடையை ஒரு தாளத்தில் போட்டுக் கொடுங்கள். நடுவில் ஊசி இறுகிக்கொள்ள வேண்டும், அதே நேரம் தளபதி பேச்சுக் கொடுக்க வேண்டும்.

மேடையில் சுரங்கத்தைவிட மரக்குதிரை வசதி. 1943 ஜூலையில் தொடங்கி, உடற்பயிற்சிக் குதிரையை நாள்தோறும் வேலிக்குப் பக்கத்தில் அதே இடத்தில் வைத்து, மேலே ஆட்கள் தாண்டித் தாண்டிக் குதிக்க உள்ளே இருந்தவன் தோண்டினான். குதிக்கும் அதிர்வு, மண்ணுக்குள் புதைத்திருந்த ஒலிவாங்கிகளைக் குழப்பியது. அக்டோபர் கடைசியில் தப்பிய மூன்று பேரும் சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவன் ரயிலில் போனது நோர்வே நாட்டு மாஜரின் வியாபாரியாக.

உங்களுக்கு 5 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி உயரம் போதும். சட்டத்துக்கு 2×1 ரீப்பை, மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட், அதற்கடியில் இரண்டு குறுக்குச் சட்டம். பக்கங்களுக்குச் சாக்கு போதும், உள்ளே இருப்பவனுக்குக் காற்றும் வரும். அடிச்சட்டத்தின் நான்கு மூலையிலும் மணற்பை கட்டாவிட்டால் தாண்டுகிறவன் கை வைத்ததும் குதிரை சரியும், இந்தக் காட்சியில் பெரும்பாலும் நடக்கும் விபத்து அது. 60 கிலோவுக்கு மேற்பட்டவரைத் தாண்ட விடாதீர்கள். உள்ளே ஆளோடு தூக்குவதற்கு நான்கு பேர், இரண்டு கம்பு. உண்மையான சிரிப்பு திரும்பிப் போகும்போதுதான். வந்தபோது ஆள் மட்டும், போகும்போது ஆளும் மணலும். பாரம் கூடிய குதிரையை, பாரம் இல்லாத முகத்தோடு தூக்கிப் போக வேண்டும். வட்டக் களரியில் ஆடுவதென்றால் நான்கு பக்கமும் கண், குதிரைக்குள் ஆள் ஏறுவதை மறைக்க முடியாது. கூத்தில் வரவுக்குத் திரை பிடிப்பதுபோல இரண்டு பேர் வெள்ளைத் துணி பிடிக்கட்டும். சபை எல்லாவற்றையும் பார்க்கட்டும், தளபதி மட்டும் பார்க்கக் கூடாது.

ஹெர்மிஸ் மாலுமி பொருந்தாது. 1942 ஏப்ரல் 9இல் அந்தக் கப்பலைத் தாழ்த்தியவை ஜப்பானிய விமானங்கள். 307 பேர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலானோரை ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது. ஒருவரும் ஜெர்மன் முகாமுக்குப் போகவில்லை. நம் முகச்சாயலில் ஒருவர் வேண்டுமென்றால் கோல்டிட்ஸிலேயே இருந்தார்: மருத்துவர் பிரேந்திரநாத் மஜும்தார், அங்கிருந்த ஒரே இந்தியர். ஜெர்மானியருக்கு அவர் கைதி, கூட இருந்த ஆங்கிலேயரில் சிலருக்கோ அவர்மேல் சந்தேகம். உண்ணாவிரதம் இருந்து இடமாற்றம் வாங்கி, 1944இல் பிரான்சில் இருந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அவருடைய பெயரையும் வரலாற்றையும் பகிடிக்குள் இழுக்காதீர்கள். ஆனால் அப்படி இரண்டு பக்கமும் அந்நியமான ஒரு பாத்திரம் உங்கள் கதைக்கு உப்பு.

மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றவே வேண்டாம். 1983 செப்டம்பர் 23 சிறையுடைப்பு நடந்தது அதே சுவருக்குள், வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகளின் படுகொலைகள் நடந்து இரண்டு மாதம் ஆவதற்குள். உங்கள் சபையில் தடுப்பில் இருந்தவரும், இருந்தவரின் தாயும் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கதைக்கு எழுதுகிற கை வேறு. போதாததற்கு, நம் பக்கத்து மணலில் எத்தனை அடியில் தண்ணீர் ஊறும் என்று கிணறு வெட்டிய எல்லாருக்கும் தெரியும். சுரங்கம் என்றதும் முன்வரிசையே சிரித்துவிடும், நீங்கள் நினைத்த இடத்தில் அல்ல.

மொழி விஷயம். கைதிகள் உங்கள் ஊர்த் தமிழில் தாராளமாகக் கதைக்கட்டும், ‘மறுகா’வும் ‘மனே’யும் வரட்டும். தளபதிக்குக் கச்சேரிக் கடிதத் தமிழ், அதாவது அரச அலுவலகத் தமிழ், கொடுங்கள். ஜெர்மன் உச்சரிப்புக் காட்டித் தொண்டையைக் கெடுக்க வேண்டாம். மாதிரிக்கு, எண்ணும் காட்சி:

தளபதி: மேற்படி வரிசையில் ஐவர் சமுகமளிக்க வேண்டும். ஐவர் உளர். ஆயினும் நான்காமவர் தும்மவில்லை.

கைதி: ஏன் ஐயா தும்ம வேணும்?

தளபதி: மிளகுத்தூள் தூவப்பட்டது. ஏனைய நால்வரும் தும்மினர்.

கைதி: அவனுக்குத் தடிமன் ஐயா. மூக்கு வேலை செய்யாது.

தளபதி: (எழுதிக்கொண்டு) மூக்கு... செயற்படாமை. மருத்துவச் சான்றிதழ், மூன்று பிரதி, நாளை காலை.