தோழிகள் நடுவே தன்னை மறைத்துக்கொள்ளும் மகள்: குழந்தை உளவியல் கேள்வி பதில்

கேள்வி (ஒரு தாய்): என் 11 வயது மகளுக்குப் பூச்சிகளை உற்றுப் பார்த்து வரைவதில் பெரும் ஈடுபாடு. ‘இதெல்லாம் சின்னப் பிள்ளை வேலை’ என்று தோழிகள் கேலி செய்த நாளிலிருந்து அந்த நோட்டை ஒளித்து வைத்திருக்கிறாள். ‘அவர்களைப் பொருட்படுத்தாதே’ என்று சொல்லியும் பயனில்லை.

பதில்: பொருட்படுத்தாமல் இருப்பது பெரியவர்களுக்கே எளிதன்று. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களைக் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். உடனிருந்தவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொன்னபோது, நால்வரில் மூவர் ஒருமுறையேனும் தம் கண் கண்டதை விட்டுவிட்டு அவர்களுக்கு ஒத்து ஊதினார்கள். ஆனால் ஒரேயொருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டாலும் இந்தப் போக்கு வெகுவாகக் குறைந்தது. உங்கள் மகளுக்கும் அறிவுரையைவிட அந்த ஒருவர்தான் தேவை. வேறு வகுப்பிலோ நூலகத்திலோ அவளைப் போலவே பூச்சி பார்க்கும் இன்னொரு குழந்தை நிச்சயம் இருக்கும். இருவரும் சந்திக்க வழி செய்யுங்கள். அதுவரை நோட்டைக் காட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவள் அதை மறைத்து வைத்திருக்கிறாளே தவிர, தூக்கி எறிந்துவிடவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

கேள்வி (ஒரு தந்தை): வீட்டில் மென்மையாக இருக்கும் என் 9 வயது மகள், பள்ளியில் தோழிகளோடு சேர்ந்து, திக்கிப் பேசும் ஒரு மாணவியை நையாண்டி செய்திருக்கிறாள். எது உண்மையான அவள்?

பதில்: இரண்டுமே அவள்தான். கூட்டத்தின் முன் ஒன்றும் தனிமையில் வேறொன்றும் சொல்வது 4 வயதுக் குழந்தைகளிடமே ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. ஆகவே தனிமையில், கடிந்துகொள்ளாமல், ‘அந்தப் பெண்ணின் முகம் அப்போது எப்படி இருந்தது?’ என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். மன்னிப்பை அவளே நேரில் கேட்கட்டும். அவளுக்காக நீங்கள் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி (ஒரு தாய்): தோழிகளுக்காக மகள் தன்னை மாற்றிக்கொள்வது வயது ஏறினால் தானாகச் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்கு ஆகும். சக வயதினரின் அழுத்தத்தை எதிர்த்து நிற்கும் திறன் 14 முதல் 18 வயதுவரை சீராக வளர்வதாக உளவியலாளர்கள் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் கேத்ரின் மோனஹனும் 2007-இல் எழுதினார்கள். ஆனால் வீட்டில் மறுத்துப் பேசிப் பழகாத குழந்தைக்கு வெளியில் திடீரென்று ‘மாட்டேன்’ என்று சொல்ல வருவதில்லை. உங்களோடு காரணம் சொல்லி வாதாடும்போது அவளை இடைமறிக்காதீர்கள். நியாயம் அவள் பக்கம் இருந்தால் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி (13 வயது மாணவி): பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் என்னைக் குழுவிலிருந்து ஒதுக்கிவிடுவார்களோ?

பதில்: சில நாட்கள் ஒதுக்கலாம், அப்படி நடக்காது என்று உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். நீண்ட விளக்கம் எதுவும் தராமல், ‘எனக்கு இது வேண்டாம், நீங்கள் செய்யுங்கள்’ என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடு. அந்த வாக்கியத்தை முதலில் வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகு. குழுவில் உன்னைப் போலவே தயங்கி நிற்கும் ஒருத்தி இருப்பாள். அவளிடம் மட்டும் முன்னதாகவே பேசி வை.