வலைத்துணி குரோ பேக்: பல பருவம் உழைக்க எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

"தொட்டிச் செடிகளுக்கு வலை போட்ட குரோ பேக் வாங்க எண்ணம். ஒரே பருவத்தில் கிழியாமல் திரும்பத் திரும்பப் பயன்பட வேண்டும், மண்ணும் ஒழுகக் கூடாது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பையைக் கையில் எடுத்ததும் எல்லோர் கண்ணும் துளையின் மேல்தான் போகும். ஆனால் பை எத்தனை பருவம் உழைக்கும் என்பது தையல் நூலிலும், துணியின் கனத்திலும், வெயில் தாங்கும் தன்மையிலும் இருக்கிறது. துளையைப் பொறுத்தது வேறு ஒன்று: ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர்க் குவளையோடு நிற்கப் போகிறீர்கள் என்பது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வலைப்பை என்ற ஒரே பெயரில் மூன்று விதப் பைகள் விற்கின்றன. கம்பளிபோலத் தடிப்பாக இருக்கும் ஃபெல்ட் துணிப் பை ஒன்று. அதில் துளை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பக்கமெல்லாம் காற்று புகும். நிழல்வலைபோலப் பின்னிய பாலிஎத்திலீன் பை இன்னொன்று. துளை பளிச்சென்று தெரியும். மூன்றாவது, நெருக்கமாக நெய்த எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) பையில் பக்கவாட்டில் மட்டும் வலைப்பட்டை வைத்துத் தைத்தது. தண்ணீர் சிக்கனமும் வேண்டும், வேருக்குக் காற்றும் வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவது நல்ல சமரசம். முழு வலைப்பை நன்றாகக் கவனிக்க நேரம் இருப்பவர்களுக்கு மட்டும்.

இந்தக் காற்று எதற்கு? வழவழப்பான பிளாஸ்டிக் தொட்டியில் வேர் சுவரில் முட்டியதும் திரும்பி, சுவரை ஒட்டியே வட்டமடிக்கும். நடுவில் இருக்கும் மண்ணை அது அதிகம் தொடாது. வலைப்பையில் வேர் நுனி துளைக்கு வந்து காற்று பட்டதும் காய்ந்துவிடுகிறது; நுனி போனதும் அதற்குப் பின்னாலிருந்து பக்கவேர்கள் கிளைக்கின்றன. மேலே கொழுந்தைக் கிள்ளினால் செடி பக்கக் கிளை விடுகிறதே, அதே கணக்குதான். எலுமிச்சை, கொய்யா போல வருடக்கணக்கில் ஒரே பையில் நிற்கும் செடிக்கு இது பெரிய ஆதாயம். ஒரு மாதத்தில் அறுத்துவிடும் கீரைக்கு வேர் சுழலவே நேரம் கிடையாது. அதற்காக வலைப்பை வாங்குவது வீண் செலவு.

கண்ணளவுக்கு, அதாவது துளையின் அளவுக்கு, வருவோம். துளை 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) தொழுவுரமும் கலந்த கலவை பெரும்பாலும் நிற்கும். 2, 3 மில்லிமீட்டர் என்றால் முதல் சில தண்ணீருக்குத் தூள் ஒழுகும். வேர் பிடித்த பிறகு குறைந்துவிடும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் உள்சுவரில் ஒரு விரல் தடிமனுக்குத் தென்னை நாரை அழுத்தி வைத்துவிட்டுத்தான் கலவையை நிரப்ப வேண்டும். நார் என்றால் நீள நார், தூளாக வரும் நார்க்கழிவு அல்ல. செய்தித்தாளைச் சுற்றினால் சில வாரங்களில் மக்கி, மண் சரியத் தொடங்கும். பாலித்தீன் தாளைச் சுற்றினாலோ, வலைப்பை மறுபடி பிளாஸ்டிக் தொட்டியாகிவிடும்.

இனி துணி. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். ஃபெல்ட் பை பல பருவம் வர வேண்டுமானால் 300 ஜிஎஸ்எம் அளவுக்குக் குறையாமல் பாருங்கள். நெய்த எச்டிபிஇ பைக்கு 200க்கு மேல் போதும். அட்டையில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டியதில்லை, வீட்டுத் தராசே போதும். 30 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமும் உள்ள பையில் சுற்றுச்சுவர் சுமார் 0.28 சதுர மீட்டர், அடித்துணி 0.07, ஆக 0.35. 300 ஜிஎஸ்எம் உண்மையென்றால் துணி மட்டுமே 105 கிராம் வர வேண்டும். கைப்பிடியும் மடிப்புத் தையலும் சேர்த்து அதற்கும் மேல். தராசு 75 கிராம் காட்டினால் அது 200 ஜிஎஸ்எம் துணிதான்.

ஃபெல்ட் எதில் செய்தது என்பதும் முக்கியம். யுவி (புற ஊதாக் கதிர்) பாதுகாப்புச் சேர்க்காத பாலிப்ரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். பாலியஸ்டர் அதைவிட வெயில் தாங்கும். எதுவென்று கண்டுபிடிக்க, மடிப்பு ஓரத்திலிருந்து நகம் அளவுத் துணுக்கை வெட்டி, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியெல்லாம் போகும்வரை பிசையுங்கள். பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் தண்ணீரைவிட இலேசானவை, மிதக்கும். பாலியஸ்டர் மூழ்கும். மிதந்தால் யுவி பாதுகாப்பு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். நிறத்தில் கறுப்புக்கு ஒரு சாதகம் உண்டு: கறுப்பாக்கச் சேர்க்கும் கார்பன் தூள் வெயிலைத் தானே உறிஞ்சிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காக்கிறது. கறுப்பு சுடுமே என்றால், ஈரமான துணிப் பையில் பக்கத்திலிருந்து நீர் ஆவியாவதால் மண் ஓரளவு குளிர்ந்தே இருக்கும். காய விட்டால்தான் சூடு ஏறும்.

நல்ல துணியில் மட்டமான நூலைப் போட்டுத் தைத்த பைகள் ஏராளம். பருத்தி நூல் ஈரத்தில் மக்கி, பை அடிப்பக்கமாகப் பிளக்கும். தொங்கும் நூல் நுனியைக் கத்தரித்துக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், செயற்கை நூல் உருகி உருண்டையாகும். அடித்தையல் இரட்டை ஓட்டமாக இருக்க வேண்டும். கைப்பிடிப் பட்டை மேல்விளிம்பில் மட்டும் இரண்டு அங்குலம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது அழகுக்கு. பக்கச் சுவரில் பாதிவரையாவது இறங்கி, சதுரமும் அதற்குள் குறுக்குமாகத் தைத்திருக்க வேண்டும். ஏனென்றால் நனைந்த தோட்டமண் ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குமேல் கனக்கும். 20 லிட்டர்ப் பை 30 கிலோவைத் தாண்டிவிடும். கோகோபீட் அதிகமுள்ள கலவை இதைவிட நன்றாகவே இலேசு. எப்படியானாலும் தண்ணீர் ஊற்றிய கையோடு பையைத் தூக்காதீர்கள்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில பைகளுக்கு விட்டத்தைக் குறிப்பிடுகிறார்கள், சிலவற்றுக்குத் தட்டையாக மடித்த அகலத்தை. 40 செ.மீ. தட்டை அகலம் என்றால் சுற்றளவு 80, விட்டம் வெறும் 25 செ.மீ. சொச்சம். வாங்குவதற்குமுன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொள்ளளவு கணக்கு எளிது: ஆரம் × ஆரம் × 3.14 × உயரம், எல்லாம் செ.மீ.யில், வந்ததை 1000 ஆல் வகுத்தால் லிட்டர். 30க்கு 30 பை 21 லிட்டர்: ஒரு தக்காளி அல்லது ஒரு கத்தரி, அவ்வளவுதான். மிளகாய்க்கு 12 முதல் 15 லிட்டர் போதும். பாகல், புடலை மாதிரிக் கொடிகளுக்கு 35 லிட்டராவது வேண்டும். எலுமிச்சைக்கு 60 லிட்டருக்குக் குறைய வேண்டாம். வலைப்பை சீக்கிரம் காய்வதால், பிளாஸ்டிக் தொட்டிக்குச் சொல்லும் அளவைவிட ஒரு படி பெரியதாகவே எடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் வலைப்பை வாங்கியவர்கள் மனம் வெறுக்கிறார்கள். பக்கவாட்டிலும் ஆவியாவதால் கடும் வெயிலில் நாளைக்கு இரு முறை ஊற்ற நேரும். ஒரு நாள் தவறினால் கோகோபீட் காய்ந்து சுருங்கி, பைக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழும். அதன்பின் ஊற்றும் தண்ணீரெல்லாம் அந்தச் சந்து வழியாக ஓடி அடியில் கொட்டும். அடி நனைந்திருப்பதைப் பார்த்து நாம் திருப்தியாகப் போய்விடுவோம், உள்ளே வேர்ப்பந்து காய்ந்தே கிடக்கும். வாடிய செடியைப் பார்த்து மேலும் மேலும் ஊற்றிப் பயனில்லை. பையின் கீழ்ப்பகுதி மூழ்கும் அளவு தண்ணீர் உள்ள தொட்டியில் அரைமணி நேரம் உட்கார வைத்து, கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். பிறகு ஓர வெடிப்பில் கலவையைத் தள்ளி விரலால் அழுத்துங்கள்.

இந்த நிலை வராமலிருக்க, கலவையில் கோகோபீட் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்; மீதியில் செம்மண்ணும் மட்கிய எருவும் சமமாக இருக்கட்டும். மேலே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலைச் சருகு மூடாக்கு. பைகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் உள்பக்கச் சுவர்கள் வெயில் படாமல் தப்பும். நிரப்பிய கலவை ஓரிரு வாரத்தில் கொஞ்சம் இறங்கும், அப்போது மேலே இட்டு நிரப்புங்கள். ஆனால் விளிம்பிலிருந்து 4 செ.மீ. விட்டுவையுங்கள், தண்ணீர் தேங்கி இறங்க இடம் வேண்டுமே. அடியில் கல், ஓட்டுச் சில்லு எதுவும் போட வேண்டாம். துணிப் பைக்கு வடிகால் குறையே இல்லை, கல் போட்டால் வேருக்கான இடம்தான் குறையும்.

பையை நேரடியாக மண் தரையில் வைத்தால் வேர் துளை வழியே கீழே இறங்கிவிடும். செடி செழிப்பாக இருக்கும். ஒருநாள் பையை நகர்த்துவீர்கள், கீழே போன வேரெல்லாம் அறுந்து அன்று மாலையே செடி தொங்கிவிடும். இரண்டு செங்கல் மேல் வைத்து, அடியில் காற்று போக வழி விடுங்கள். சிமெண்ட் தளத்திலும் இதே ஏற்பாடு நல்லது. தளத்தில் கறை படியாது.

சுவரில் வெள்ளைப் பூச்சுபோலப் படிந்தால் அது பூஞ்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் கடின நீரும் உரமும் விட்டுச்சென்ற உப்பு. பையின் கொள்ளளவைப்போல இரு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் மண்ணிலிருக்கும் உப்பு குறையும். பச்சைப் பாசி படர்ந்தால் விட்டுவிடலாம், செடிக்குக் கேடில்லை.

பருவம் முடிந்ததும் பையைக் கவிழ்த்து, வேர்ப்பந்தை இழுத்துப் பிய்க்காமல் சுற்றிலும் தட்டி எடுங்கள். ஃபெல்ட்டில் பின்னிய வேரை ஈரத்தோடு பிடுங்கினால் துணி நாரும் சேர்ந்து வரும். முதலில் வெயிலில் காயவைத்து, மொட மொடவென்று ஆனபின் கெட்டி பிரஷால் தேயுங்கள். உப்புப் படிவுக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு. வாடல் நோய் வந்த செடி இருந்த பை என்றால், மண் சுத்தமாகப் போனபின் ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். மண் ஒட்டியிருந்தால் பிளீச் அதிலேயே வீணாகிவிடும். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். வேரில் நூற்புழுவால் வந்த முடிச்சுகள் தெரிந்தால் அந்தக் கலவையை வேறு பையில் கொட்ட வேண்டாம். பையில் ஒரு வேர்த்துணுக்குகூட மிஞ்சாமல் எடுத்துக் கழுவி, பல நாள் நன்றாகக் காயவிட்டு, அடுத்த முறை தக்காளி, கத்தரி, வெண்டை போல நூற்புழு எளிதில் தாக்கும் செடிகளைத் தவிர்த்து வேறு ஏதாவது நடுங்கள்.

காலிப் பையை வெயிலில் கிடத்தி வைக்காதீர்கள். நிரப்புவதற்குமுன் மேல்விளிம்பை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்: பொடி ஒட்டினாலோ, நார் நாராக உதிர்ந்தாலோ அந்தப் பையில் மறுபடி மண் போட வேண்டாம். அது கிழியும் என்பதுகூட இருக்கட்டும், உதிரும் பிளாஸ்டிக் துகளெல்லாம் உங்கள் மண்ணிலேயே தங்கிவிடும்.