வெண்கலக் கடையும் யானையும்
(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில், யுனெஸ்கோ 2021-இல் தன் மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட இந்தோனேசியாவின் வெண்கலக் கருவிக் குழு இசையான கமெலானைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: ஐயா, தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கைப்பேசியில் கமெலான் கேட்டேன். வெண்கலக் கடையில் யானை புகுந்தது போல இருந்தது. இதில் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வெண்கலம் என்றவரையில் தாங்கள் சொன்னது சரி, யானைதான் பொருந்தவில்லை. ‘கமெல்’ என்ற ஜாவானியச் சொல்லுக்கே சுத்தியலால் அடிப்பது என்றுதான் பொருள். ஆனால் அங்கே விழும் ஒவ்வோர் அடிக்கும் கணக்கு உண்டு.

ஒரு காகிதத்தில் 1 முதல் 32 வரை எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ‘லாட்ராங்’ என்ற உருப்படி வகையின் ஒரு சுற்று அதுதான். 8, 16, 24, 32 ஆகிய இடங்களில் ‘கெனோங்’ என்னும் பெரிய பானை போன்ற கருவி ஒலிக்கும். 12, 20, 28 ஆகிய இடங்களில் தொங்கவிடப்பட்ட ‘கெம்புல்’ என்னும் கோங் (வட்ட வெண்கலத் தட்டு) ஒலிக்கும். 32-இல் கெனோங்கோடு சேர்ந்து, எல்லாவற்றிலும் பெரியதான ‘கோங் அகெங்’ விழும். இந்தக் கணக்குப்படி 4-ஆவது இடத்திலும் கெம்புல் வந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். அங்கே அடிக்கமாட்டார்கள். சற்றுமுன் விழுந்த பெரிய கோங்கின் அதிர்வு இன்னும் அடங்காமல் உருண்டுகொண்டிருப்பதால், அதற்கு வழிவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலியிடத்துக்கு ‘வெலா’ என்று பெயரும் உண்டு. வாசிக்காமல் விடுவதற்குப் பெயர் வைத்திருப்பவர்களை யானை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தங்கள் காது தடுமாறியதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். நம் தாளத்தில் கனம் முதல் அடியில் இருக்கிறது. ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, ‘சமம்’ என்னும் அந்த முதல் அடியில் தொடங்கும். ஜாவாவில் நான்கு நான்கு அடிகளாகப் பிரித்த ஒவ்வொரு கூறிலும் நான்காவது அடிக்குத்தான் கனம் அதிகம். முழுச் சுற்றின் கனம் 32-ஆவது அடியில் இருக்கிறது. கோங் விழும்போது நாம் பழக்கதோஷத்தில் ‘ஒன்று’ என்று தொடையைத் தட்டுகிறோம். அவர்களுக்கோ அது ‘முடிந்தது’. இந்த ஓரடி வித்தியாசத்தில் மற்றதெல்லாம் இடம் மாறிக் கேட்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘சாரோன்’ என்ற கருவியில் வெண்கலப் பட்டைகள் வரிசையாக இருக்கும். வலது கைச் சுத்தியல் அடுத்த பட்டையில் விழுகிற அதே நொடியில், இடது கை முந்தைய பட்டையைக் கிள்ளிப் பிடித்து அதன் ஓசையை அடக்கிவிடும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நம் தெருக்களில் கோவிந்தா போட்டு வருபவர், அரிசி வாங்குவதற்காகச் சேமக்கலத்தை உள்ளங்கையால் பொத்தி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். சாரோன் வாசிப்பவர் அதைச் சுரத்துக்குச் சுரம் செய்துகொண்டே போகிறார். அடக்கத் தெரியாத கை வாசித்தால் மட்டும்தான் அது தாங்கள் சொன்ன வெண்கலக் கடையாகும்.

கேள்வி: எனக்குக் கொஞ்சம் சங்கீதப் பயிற்சி உண்டு. நான் கேட்ட கமெலான் மோகன ராகம் போல இருந்தது. என் மகளின் கீபோர்டில் வாசித்துப் பார்த்தால் ஒட்டவில்லை. கீபோர்டில் கோளாறா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: கீபோர்டில் கோளாறு இல்லை அம்மா. தாங்கள் கேட்டது ‘ஸ்லெண்ட்ரோ’ என்ற ஐந்து சுர அமைப்பாக இருக்க வேண்டும். மோகனத்துக்கும் ஐந்து சுரம்தான் என்றாலும், அதில் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளியைவிடக் காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள இடைவெளி பெரியது. ஸ்லெண்ட்ரோ ஒரு ஸ்தாயியை ஏறத்தாழச் சமமான ஐந்து பங்காக்கிவிடுகிறது. அந்தச் சுரங்கள் கீபோர்டின் கட்டைகளுக்கு இடையில் விழுகின்றன. மற்றோர் அமைப்பான ‘பெலோக்’ ஏழு சுரங்கள் கொண்டது. அதன் இடைவெளிகள் சமமாக இரா. அதிலிருந்து ஐந்தை எடுத்து வாசிக்கும்போது சில வேளைகளில் பூபாளத்தின் சாயலைக் கேட்கலாம். சாயல் மட்டும்தான்.

இதைவிட வியப்பானது, இரண்டு குழுக்களின் சுருதி ஒன்றாக இருப்பதில்லை என்பது. ஒரு கமெலான் தொகுதியின் கருவிகள் அனைத்தும் ஒன்றோடொன்று இணைத்துச் சுருதி சேர்க்கப்படுகின்றன. பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஒரு சாரோனை இரவல் வாங்கி வந்து உட்கார முடியாது. நம் வித்துவான் தன் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு எந்தக் கச்சேரிக்கும் போகிறார். அங்கே கருவி வாசிப்பவருடையதன்று, குழுவினுடையது. ‘கியாய்’ என்ற மரியாதை அடைமொழியோடு அந்தத் தொகுதிக்கே பெயர் சூட்டுவதும் உண்டு. யோக்யகர்த்தா அரண்மனையில் நபிகள் பிறந்த மாதத்தில் ஒலிக்கும் தொகுதிகளில் ஒன்றின் பெயர் ‘கியாய் குந்துர் மது’. கருவிகளைத் தாண்டிப் போகக்கூடாது என்பது அங்கும் உள்ள கட்டுப்பாடு. மிருதங்கத்தைத் தாண்டியதற்குத் தலையில் குட்டு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாலித் தீவில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அங்கே ஒரே மாதிரியான இரண்டு கருவிகளைச் செய்து, ஒன்றைச் சற்றே தாழ்த்தியும் மற்றதைச் சற்றே உயர்த்தியும் வைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து அடிக்கும்போது ஓசை அலையடிக்கிறது. அதற்கு ‘ஓம்பக்’, அதாவது அலை, என்று பெயர். கச்சேரிக்கு முன்பு தம்புராவின் தந்திகளை மயிரிழை பிசகாமல் சேர்ப்பதற்குக் கால் மணி நேரம் போராடுகிற நமக்கு, வேண்டுமென்றே பிசகச் செய்கிற இந்தக் கலை முதலில் உறுத்தும். எனக்கும் உறுத்தியது, இப்போது அந்த அலை இல்லாமல் கேட்டால் உயிரில்லாதது போல இருக்கிறது.

கேள்வி: இராசேந்திர சோழன் கடாரம் கொண்டபோது நம்மவர்கள் கொண்டுபோன மேளம்தான் கமெலான் ஆயிற்று என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– வாசகர், ஆரணி

பதில்: இல்லை. 1025-இல் கடாரம் கொண்ட சோழர் படை தாக்கிய ஸ்ரீவிஜயப் பேரரசு சுமத்ராத் தீவை மையமாகக் கொண்டது. கமெலான் வளர்ந்தது ஜாவாவில். நடுவில் குமிழ் வைத்த கோங், பிலிப்பைன்ஸ் வரை தென்கிழக்கு ஆசியா முழுவதற்கும் பொதுவானது. நம் சேமக்கலத்தில் குமிழ் கிடையாது. சொற்களில் மட்டும் சமஸ்கிருத உறவு நிறைய உண்டு. வந்ததையெல்லாம் அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: பாலித் தீவுக் குழுவினர் அவ்வளவு வேகத்தில் எப்படி வாசிக்கிறார்கள்? கை வலிக்காதா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: அது ஒருவருடைய வேகமன்று. தங்கள் பாட்டியைக் கேளுங்கள்: ஓர் உரலில் இரண்டு பெண்கள் நின்று உலக்கை மாற்றிக் குத்திய காலத்தை அவர் சொல்லுவார். ஒருத்தியின் உலக்கை மேலே போகும்போது மற்றவளுடையது கீழே இறங்கும். தெருவில் போகிறவன் காதுக்கு ஒரே ஆள் பேய்வேகத்தில் குத்துவது போலிருக்கும். பாலியின் ‘கொத்தேக்கான்’ இதே உத்திதான். ‘போலோஸ்’ என்ற பகுதியை ஒருவர் வாசிக்க, அதன் இடைவெளிகளில் ‘சங்சி’ என்ற பகுதியை மற்றவர் செருகுகிறார். தனியே கேட்டால் இரண்டும் நொண்டும். சேர்ந்தால் ஒரு சுரம் விடாமல் ஓடும்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து விடியவிடிய நடக்கும். கமெலானுக்கும் அப்படி ஏதாவது உண்டா?
– வாசகர், செய்யாறு

பதில்: உண்டு; அதுவும் இராமாயணமும் மகாபாரதமும்தான். ‘வாயாங் குளித்’ என்ற தோல் நிழற்பாவைக் கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நடக்கிறது. இரவை மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ‘பாதெட்’ என்ற தனிப் பண் முறையை வைத்திருக்கிறார்கள். அருச்சுனனும் பீமனும் பேசுவதெல்லாம் ‘தாலாங்’ என்ற ஒரே மனிதரின் குரலில்தான். நம் கூத்தில் வாத்தியார் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்துவார். தாலாங்கின் இரண்டு கைகளிலும் பாவைகள் இருப்பதால், பக்கத்தில் உள்ள பெட்டியில் கட்டித் தொங்கும் உலோகத் தகடுகளைக் காலால் உதைத்துக் குழுவுக்குக் குறிப்புக் கொடுக்கிறார். அதைக் கேட்டு ‘கெண்டாங்’ என்ற இருமுக மத்தளம் வாசிப்பவர் காலப்பிரமாணத்தை மாற்ற, மற்ற அனைவரும் அவரைப் பின்தொடர்கிறார்கள். கெண்டாங்கின் தோலில் மிருதங்கத்துக்கு உள்ளது போலக் கரணை (நடுவில் பூசிய கறுப்பு வட்டம்) இல்லை. நம் பம்பைக்காரர்கள் உடனே நட்புக்கொள்ளக்கூடிய கருவி அது.

கேள்வி: முதன்முதலில் எதைக் கேட்கலாம்?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: ‘புஸ்பவர்ணா’. பெயரைச் சொல்லிப் பாருங்கள், பொருள் தானே விளங்கும். 1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரின் பாட்டோடு இதுவும் போயிருக்கிறது. இது ‘கெத்தாவாங்’ வகை. சுற்றுக்கு 16 அடி, 8-இலும் 16-இலும் கெனோங். நடை மெதுவானது, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சிறிய கருவிகள் பல சுரங்களைப் பின்னிக்கொண்டே இருக்கும் என்பதால் பொறுமையாக எண்ணுங்கள். கோங் விழுந்ததும் வாயில் ‘பதினாறு’ என்று வர வேண்டும். ‘ஒன்று’ என்று வந்துவிட்டால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து கேளுங்கள்.