கருநீல வண்டை இங்கே கொண்டுவரலாமா?

அன்புள்ள ஐயா,

கனடாவில் இருக்கும் என் மகன் ஒரு வண்டின் படம் அனுப்பினான். தலையும் மார்பும் செம்மஞ்சள், சிறகுகள் மினுங்கும் கருநீலம். லெபியா கிராண்டிஸ் என்று பெயராம். உருளைக்கிழங்குப் பூச்சியை ஒழித்துவிடும் என்கிறான். எங்கள் தோட்டத்துக் கத்தரி இலைகள் சல்லடையாகிவிட்டன. மருந்தடிக்க மனமில்லை. அதை மொரீஷியசுக்கு வரவழைக்க முடியுமா?

செ., ரோஸ் ஹில்

அன்புள்ள அம்மா,

மருந்தடிக்க மனமில்லை என்றீர்களே, அதற்காகவே உங்கள் கடிதம் எனக்குப் பிடித்தது. வண்டை மட்டும் வரவழைக்க வேண்டாம்.

அற்புதமான உயிர்தான் அது. நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பகலில் மண்ணில் பதுங்கியிருந்து, இரவில் செடியேறி, உங்கள் மகன் சொன்ன உருளைக்கிழங்குப் பூச்சியான கொலராடோ வண்டின் முட்டைகளையும் புழுக்களையும் தின்னும். அதன் இளம்புழுவின் கதை இன்னும் வியப்பானது. முட்டையிலிருந்து வந்ததும் மண்ணுக்குள் அலைந்து, கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் உள்ள கொலராடோ வண்டைத் தேடிப் பிடிக்கிறது. பிறகு அந்த ஒன்றையே தின்று வளர்கிறது.

அந்தக் கொலராடோ வண்டு நம் தீவில் இல்லை. பிறகு லெபியாவின் புழு இங்கே எதை நம்பிப் பிழைக்கும்? பிரான்சில் கொலராடோ வண்டு 1922இல் போர்தோ நகரின் பக்கம் வேரூன்றியது. 1930களில் லெபியாவையும் அங்கே கொண்டுபோனார்கள். இரை ஏராளமாக இருந்தும் அது நிலைக்கவில்லை.

நம் வீட்டுக் கதை இதைவிடக் கசப்பானது. 1960 வாக்கில் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை அடக்க, அமெரிக்காவின் ஊனுண்ணி நத்தையை இங்கே விட்டார்கள். அது நம் காட்டின் சிறு நத்தைகளைத் தின்றது. உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் அவை! சில அழிந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம். ராட்சத நத்தையோ இன்றும் மழைக்குப் பின் நம் வேலிகளில் ஊர்கிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. எர்ப் கொந்தே என்னும் களைப்புதரை அடக்க 1940களின் இறுதியில் டிரினிடாட்டிலிருந்து வந்த இலைவண்டு நல்ல பலன் தந்தது உண்மைதான். ஆனால் எந்தெந்தச் செடியைத் தின்னும் என்று சோதித்த பிறகே அதை விட்டார்கள்.

உங்கள் கத்தரியைத் தின்பது யார் என்பதே இன்னும் தெரியவில்லையே. இருட்டியபின் விளக்கோடு போய் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். அகப்படும் புழுவையும் முட்டைக் கொத்தையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். செடியடிச் சருகை எரித்துவிடாதீர்கள், பூச்சி தின்னும் நம் ஊர்த் தரைவண்டுகள் ஒதுங்க இடம் வேண்டும். பூச்சியின் படம் கிடைத்தால் அனுப்புங்கள். இன்னதென்று பார்த்து எழுதுகிறேன்.