வோர்ட், மாஷ், கிராவிட்டி: பீர் ஆலைச் சொற்களை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: உணவுத் தொழில்நுட்பம் படித்திருக்கிறேன். பெங்களூருவில் ஒரு சிறிய பீர் ஆலையில் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் பீர் தயாரிப்போருக்கான வெளிநாட்டுக் கையேடு ஒன்றைப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொற்கள். அகர வரிசையில் எழுதி மனப்பாடம் செய்தும் மனதில் நிற்கவில்லை. வீட்டிலேயே சிறிதளவு செய்து பார்த்துக் கற்கலாமா?
– வாசகி, கோபிச்செட்டிபாளையம்

பதில்: வீட்டில் பீர் தயாரிக்கவே கூடாது. பிரிட்டனில் 1963 முதல் அதற்கு உரிமம் தேவையில்லை. உங்கள் கையேடு அப்படிப்பட்ட நாட்டு வாசகர்களுக்கானது. இங்கே தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அது முதலில் நடைமுறைக்கு வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான். ஆனாலும் இந்தத் தொழிலின் சொற்களில் பெரும்பகுதி ஈஸ்ட் சேர்ப்பதற்கு முந்தைய வேலைகளைச் சேர்ந்தவை. அவற்றைச் சொட்டு மது இல்லாமல் உங்கள் அடுப்படியிலேயே கற்கலாம்.

அகர வரிசைப் பட்டியலை மூடி வையுங்கள். தானியம் போகும் வழியிலேயே சொற்களும் போகட்டும். ராகியை ஊறவைத்து, துணியில் முளைகட்டி, உலர்த்தி அரைப்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பார்லியை அப்படிப் பக்குவப்படுத்தினால் அதுதான் மால்ட். கடையில் 'ராகி மால்ட்' என்று விற்பதெல்லாம் முளைகட்டியதாக இருக்காது. சோதனைக்கு நீங்களே முளைகட்டுங்கள். வறுக்காதீர்கள், சூட்டில் நொதிகள் செத்துவிடும்.

சாதாரண ராகி மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சி, 65 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிட்டு, முளைகட்டிய மாவை ஒரு கைப்பிடி கலந்து, பாத்திரத்தைத் துணியால் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். கூழ் இளகும், இனிக்கும். அமிலேஸ் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்திருக்கின்றன. இந்த வேலைக்குப் பெயர் மாஷ். பார்லி மாஷை 63 டிகிரியை ஒட்டி வைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை மிகும், பீர் மெலிதாக வரும். 69-ஐ ஒட்டி வைத்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை தங்கி, வாயில் கனம் தெரியும். அந்தக் கனத்தைத்தான் கையேடு 'பாடி' என்கிறது. மாஷையும் பாடியையும் தனித்தனிச் சொற்களாகப் படித்தால் இந்த உறவு பிடிபடாது.

இனி வடிகட்டுங்கள். வடிகட்டுவது லாட்டரிங். சக்கையில் வெந்நீர் ஊற்றி மிச்ச இனிப்பையும் இறக்குவது ஸ்பார்ஜ். ஆலையில் அந்த நீர் 77 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள், தாண்டினால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். வடிந்த இனிப்பு நீர் வோர்ட். இதைத் தமிழில் 'ஊறல்' என்று குறித்துக்கொள்ளாதீர்கள். ஊறல் ஏற்கெனவே புளித்தது, வோர்ட் புளிக்காதது. நீங்கள் வடித்ததை அன்றே குடித்துவிடுங்கள், புளிக்க விடாதீர்கள்.

மிகவும் குழப்புவது கிராவிட்டிதான், அதற்கு நேரம் கொடுங்கள். நீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்து, கரைசல் அதைவிட எவ்வளவு அடர்த்தி என்று சொல்வதே கிராவிட்டி. கரும்பு வட்டாரத்துக்காரரான உங்களுக்கு பிரிக்ஸ் பழகிய சொல்லாக இருக்கும். பீர் ஆலையின் பிளாட்டோ அளவும் ஏறக்குறைய அதுதான்: நூறு கிராம் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை. 120 கிராம் சர்க்கரையை 880 கிராம் நீரில் கரைத்தால் 12 பிளாட்டோ. 20 டிகிரி வெப்பநிலையில் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை அதில் மிதக்கவிட்டால் 1.048 காட்டும். இதை அவசியம் செய்து பாருங்கள், அந்த எண் பிறகு மறக்காது.

புளிப்பதற்கு முன் எடுக்கும் அளவு ஒரிஜினல் கிராவிட்டி, முடிந்தபின் எடுப்பது ஃபைனல் கிராவிட்டி. 1.050-இல் தொடங்கி 1.010-இல் நின்றால் வித்தியாசம் 0.040, அதை 131.25-ஆல் பெருக்கினால் மதுவின் அளவு சுமார் 5.25 சதவீதம். 0.001 என்பது ஒரு புள்ளி. இறங்கிய 40 புள்ளிகள் தொடக்கத்தின் 50-இல் 80 சதவீதம், அது அட்டென்யுவேஷன். மது கலந்துவிட்டால், ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் பற்றி இப்போதைக்குச் சிறிது போதும். வோர்ட்டைக் கொதிக்கவைக்கும்போது, கொதியின் தொடக்கத்தில் போட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் மணம். கசப்பின் அளவு ஐபியு.

ஈஸ்ட் தொடர்பான பிட்ச் (ஈஸ்ட்டைச் சேர்ப்பது), கிராய்சன் (புளிக்கும்போது மேலே எழும் நுரை), ஃப்ளாக்குலேஷன் (ஈஸ்ட் திரண்டு பிரிவது) ஆகியவற்றை ஆலையில் தொட்டியைப் பார்த்தே கற்றுக்கொள்ளுங்கள். பீரில் வரும் குறைகளின் பெயர்களுக்கு மூக்குதான் வேண்டும். டைஅசிட்டைல் வெண்ணெய் மணம், அசிட்டால்டிஹைடு பச்சை ஆப்பிள், டிஎம்எஸ் வேகவைத்த சோளம். பீரைக் குடித்துத்தான் இவற்றை அறிய வேண்டும் என்பதில்லை, முகர்ந்தாலே பெரும்பாலும் தெரியும்.

வேலையில் சேர்ந்ததும் தலைமைத் தயாரிப்பாளரிடம் பழைய தயாரிப்புப் பதிவேடு ஒன்றைக் கேளுங்கள். நேரம், வெப்பநிலை, கிராவிட்டி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த நேரத்தில் பாத்திரத்துக்குள் என்ன நடந்தது என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத வராத வரிகளை மட்டும் அவரிடம் கேட்டால் போதும்.